ஐந்து அங்குல இறக்கம்

சைலஸ் வாங்கிய கார் ஒரே ராத்திரியில் ஐந்து அங்குலம் இறங்கியது. அதைக் கேள்விப்பட்டு ஓர் அரசு அலுவலகம் எழுந்து நின்ற வேகத்தைத் தங்கவயலில் அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சைலஸ் இருபத்திரண்டு வருடம், தங்கவயலில் பாலகாடு என்ற சுரங்கத் தொழிலாளர் லைனிலிருந்து கிளம்பி, காலை ரயிலைப் பிடித்து, பெங்களூரில் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை பார்த்துவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பி வந்தவர். அதில் பாதி வருடங்கள் நின்றுகொண்டே வந்தவர். அவர் மனைவி ஐடா, ராபர்ட்சன்பேட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்தோரு வருடமாக ஹிந்தி டீச்சர். மூன்று பேர் உட்காரும் ஷேர் ஆட்டோ சீட்டில் ஐந்தாவது ஆளாக, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் காற்றிலுமாகப் போய் வந்தவர். கார் வந்த வாரத்து வெள்ளிக்கிழமையோடு ஐடாவுக்குப் பணி ஓய்வு. அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளி கேட்டில் ஒரு கார் நிற்கும், பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து நீ வீட்டுக்கு வருவாய் என்று சைலஸ் வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாணமான புதிதில் கொடுத்த வாக்குகளெல்லாம் எந்தக் கதியை அடைந்தன என்பது ஐடாவுக்குத் தெரியும். அதனால் சிரித்துக்கொண்டே பேப்பர் திருத்தப் போய்விட்டார்.

சைலஸ் விடவில்லை. பெங்களூரில் மனோகர் என்ற பழைய கார் தரகரைப் பிடித்தார். மனோகர் அவரை ஒரு கறுப்பு ஜெர்மன் காரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நீளத்தைப் பார்த்தால் அதற்குள் ஒரு லைன் வீட்டின் சமையல்கட்டை வைக்கலாம் போலிருந்தது. டில்லியில் பத்து வயதான டீசல் வண்டியை ரோட்டில் விடமாட்டார்கள், நம் பக்கத்தில் விடுவார்கள், அதனால்தான் புதுச் சின்னக் காரின் விலைக்கு இந்த யானை உங்களுக்குக் கிடைக்கிறது என்றார் மனோகர். ஒரே ஓனர், பெரிய டாக்டர், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பார் என்றும் சொன்னார். மீட்டரில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் காட்டியது. அந்த டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் ரொம்ப தூரம் போயிருக்கிறார் என்று சைலஸ் நினைத்துக்கொண்டார்.

டீசல் என்றால் சைலஸுக்கு லாரிதான். உறுமும், உலுக்கும், புகை கக்கும். இந்த வண்டியில் சாவி போடத் துவாரமே இல்லை, ஒரு பொத்தான்தான் இருந்தது. அழுத்தினார். சத்தமே வரவில்லை. மறுபடி அழுத்தினார். அப்போதும் இல்லை. மூன்று தடவை வண்டியைக் கிளப்பி மூன்று தடவை நிறுத்திய பிறகுதான், ஓடும்போதே அது அப்படித்தான் இருக்கும் என்று மனோகர் விளக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து தனியாகவே ஓட்டிக்கொண்டு வந்தார். நாற்பதுக்கு மேல் போகவில்லை. எந்தப் பொத்தானிலோ கை பட்டு, சீட்டு அவர் முதுகைப் பிடித்துவிட ஆரம்பித்தது. அதை நிறுத்தும் வழி தெரியாமல் பங்காரப்பேட்டை வரைக்கும் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தது. காருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் ஹிந்தியில் வழி சொல்லிக்கொண்டே வந்தது. சுங்கச்சாவடியில் காவலாளி சல்யூட் அடித்தார். இவ்வளவு பெரிய காரில் இவ்வளவு மெதுவாகப் போகிறவர் அமைச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கான்ஸ்டபிள் பஸ்ஸையே நிறுத்தி வழி விட்டார். சைலஸுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைக்க முடியவில்லை.

லைனே கூடி நின்று பார்த்தது. ஐடா காரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். பின் சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டினார். கால் எங்கேயும் இடிக்கவில்லை. அந்தப் பெண்குரல் ஹிந்தியில் என்னவோ சொன்னது. ஐடா அதற்கு ஹிந்தியிலேயே பதில் சொல்லிவிட்டு, கணவர் பக்கம் திரும்பினார்.

"நம்ம போகவேண்டிய எடம் டில்லியாம், இன்னும் ரெண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் கீதாம். நான் வெள்ளிக்கெழம ஸ்கூல் கேட்டாண்ட வந்தா போதும்னு சொல்லிட்டேன்."

திங்கட்கிழமை காலையில் சைலஸ் வெளியே வந்து பார்த்தபோது கார் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. சக்கரங்களின் மேல்பாதி உள்ளே போய்விட்டது. முன் பம்பருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு செருப்புதான் நுழையும்.

வேறு ஊராக இருந்தால் குனிந்து காரைப் பார்த்திருப்பார்கள். தங்கவயல்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். தங்கத்துக்காக, அடுக்கடுக்காக எத்தனையோ லெவல்கள் பூமியையே குடைந்து எடுத்த ஊர் அது. பாறை உள்ளுக்குள் வெடித்து வீடு ஆடும்போது ஏர் பிளாஸ்ட் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கக் கற்றுக்கொண்ட ஜனம். அடுத்த வீட்டுப் பார்வதம்மா வாளியோடு வந்தவர், காரைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். அவர் கணவர் சுரங்க ஷாஃப்டில் வேலை செய்தவர்.

"சைலஸு, வண்டி எறங்கல. பூமி எறங்கிகினு கீது. கீழ ஏதோ ஒரு லெவல் ஒக்காந்துட்ச்சி" என்றார்.

பார்வதம்மாவுக்கு இந்த விஷயத்தில் சொந்த அனுபவம் இருந்தது. அவர் வீட்டுப் பக்கச் சுவர் மேலிருந்து கீழ் வரை பிளந்து ஒன்பது வருடமாகிறது. வருடத்துக்கு ஒன்று என்று ஒன்பது மனுக்கள் கொடுத்திருந்தார். கொடுத்த இடம் மூடிய சுரங்கங்களின் மேல்தளக் கண்காணிப்பு அலுவலகம். ஊரில் அதற்கு மேல்தள ஆபீஸ் என்று பெயர். சுரங்கத்தை மூடியபோது, மூடியது மூடியபடியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளத் திறக்கப்பட்ட அலுவலகம் அது. ஒரு பழைய பங்களாவில் பதினோரு பேர் இருந்தார்கள். தினமும் காலையில் ஒரு பதிவேட்டில் 'அசைவு ஏதுமில்லை' என்று எழுதி, பதினோரு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். கையெழுத்துப் போட்ட களைப்பில் மதியம் வந்துவிடும்.

யாரோ போன் செய்திருக்கிறார்கள். இருபது நிமிடத்தில் பதினோரு பேரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்கள். தலைமை அதிகாரி ரவிகுமார் முன்னால் வந்தார். கழுத்தில் பித்தளை டோக்கன் தொங்கியது. அந்தக் காலத்தில் கேஜ் என்கிற கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் எடுத்துப்போன டோக்கன். அலுவலகத்தைவிட்டு வெளியே வந்தால் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று விதி இருந்தது. வெளியே வந்ததே இல்லை என்பதால் டோக்கன் பளபளவென்று புதிதாக இருந்தது.

அளக்க வேண்டும் என்றார் ரவிகுமார். நிலத்தை அளக்கும் கருவிகள் எல்லாம் எப்போதோ ஏலத்தில் போய்விட்டதால், ஒரு தையற்காரரிடம் டேப்பு வாங்கி வந்து, காரின் பம்பருக்கும் தரைக்கும் நடுவில் அளந்தார்கள். முந்தின நாள் லைன்காரர்கள் காரோடு எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டு, ஐந்து அங்குலம் இறக்கம் என்று எழுதினார்கள்.

சைலஸ் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கணக்கு இடித்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. தரை இறங்கினால் மேலே நிற்கிற காரும் கூடவே இறங்கும், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி எப்படிக் குறையும் என்று கேட்டார். இடைவெளி குறைகிறது என்றால் நியாயப்படி தரை மேலே ஏறியிருக்க வேண்டும் என்றார்.

ரவிகுமார் யோசித்தார். படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏத்தம்னு இதுல கட்டமே இல்லியே" என்றார். "எறக்கம் மட்டும்தான் கீது."

அதோடு அந்த விவாதம் முடிந்தது. காரைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். நாலு மூலையிலும் சிவப்புக் கொடி நட்டார்கள். காரின் கதவில் வெள்ளைப் பெயின்டால் 'அசைவுப் புள்ளி எண் 1' என்று எழுதினார்கள். இனி இது கார் அல்ல, ஆதாரம், இதை யாரும் கிளப்பவோ நகர்த்தவோ கூடாது என்று சைலஸிடம் கையெழுத்து வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கார் வேண்டும் என்று சைலஸ் சொன்னார். மனைவிக்குக் கொடுத்த வாக்கைப் பற்றியும் சொன்னார். ரவிகுமார் உருக்கமாகக் கேட்டுக்கொண்டார். பூமிக்கு உங்கள் மனைவியின் ரிட்டயர்மென்ட் தேதி தெரியாதே என்று வருத்தப்பட்டார்.

பார்வதம்மா அவர்களை வழிமறித்து, வந்தது வந்தீர்கள், என் சுவரையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். அளந்தார்கள். சுவரை அல்ல, காரிலிருந்து சுவர் இருக்கும் தூரத்தை. பதினாலு அடி வந்தது. புள்ளியிலிருந்து பன்னிரண்டு அடிக்குள் இருப்பதுதான் எங்கள் வரம்பு, இரண்டடி தள்ளிப் போய்விட்டதே அம்மா என்றார் ரவிகுமார். ஒன்பது மனுக்களுக்கு முதல்தடவையாக ஒரு பதில் கிடைத்த நிம்மதியில் பார்வதம்மா வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அலுவலகம் ஷிப்டு முறைக்கு மாறியது. காலை ஷிப்டு ஒரு டேப்போடு வந்து அளந்தது. மதிய ஷிப்டு வந்து காலை ஷிப்டு அளந்தது சரியா என்று அளந்தது. ஷிப்டு மாறுவதைச் சொல்ல, சுரங்கம் மூடிய நாளிலிருந்து வாயடைத்துக் கிடந்த சங்கை ரிப்பேர் செய்து ஊதினார்கள். அதைக் கேட்டு ஆண்டர்சன்பேட்டையில் நாலைந்து பென்ஷன்காரர்கள் டிபன் பாக்ஸைத் தேடியதாகச் சொல்கிறார்கள். காரோ மண்ணாங்கட்டி போல அப்படியே கிடந்தது. சைலஸ் தன் வீட்டு வாசலில் தன் காரைப் பார்க்கத் தினமும் ஒரு பார்வையாளர் படிவம் எழுதிக்கொடுத்தார்.

புதன்கிழமை சைலஸ், ஆண்டர்சன்பேட்டை மெக்கானிக் சாம்ராஜைக் கூட்டிவந்தார். சாம்ராஜ் கயிற்றுக்கு வெளியே நின்று ஒரே ஒரு பார்வை பார்த்தார்.

"அண்ணா, இது ஸ்பிரிங் வெச்ச வண்டி இல்ல. ரப்பர் பையில காத்த அடைச்சி அது மேல நிக்குது. பை ஓட்டையாயிருக்கும். உள்ள பூந்து பாத்தா சொல்லிடுவேன்."

உள்ளே புகுவதில்தான் சிக்கல். காருக்கு அடியில் போவது மேல்தளத்துக்குக் கீழே போவதாகும் என்று ரவிகுமார் சொன்னார். அதற்குச் சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு உண்டான விதிதான். சாம்ராஜுக்குக் கண் பரிசோதனை நடந்தது. நெஞ்சைத் தட்டிப் பார்த்தார்கள். ஹெல்மெட்டும் விளக்கும் கொடுத்தார்கள். உச்சி வெயிலில் விளக்கை ஏற்றச் சொன்னார்கள். 417 என்று எழுதிய டோக்கனைக் கையில் கொடுத்து, அதே எண்ணுள்ள இன்னொரு டோக்கனைப் பலகையில் மாட்டினார்கள். ஆள் திரும்பி வராவிட்டால் தெரிய வேண்டுமல்லவா. பிறகு ஒருவர் மணியை மூன்று தடவை அடிக்க, சாம்ராஜ் படுத்து, தலையை மட்டும் காருக்கடியில் நீட்டினார். தோளுக்கு மேல் உள்ளே போகவில்லை. ஒரு நிமிடத்தில் தலையை எடுத்துக்கொண்டார். மேலே வந்ததற்கு மறுபடி மூன்று மணி அடித்தது.

பைதான் கிழிந்திருக்கிறது, புதுப் பை வர ஒரு வாரம் ஆகும், அதுவரைக்கும் என்ஜினைக் கிளப்பினால் காற்று ஏறி வண்டி தானாக எழுந்துவிடும், நிறுத்தினால் பத்து நிமிடத்தில் படுத்துவிடும் என்றார் சாம்ராஜ். சைலஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிளப்பிக் காட்டட்டுமா என்று ஆசையாகக் கேட்டார்.

ரவிகுமார் முகம் சிவந்தது. அவர் அதற்குள் பெங்களூருக்கு நாலு அறிக்கை அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் உயர்மட்டக் குழு வருவதாகத் தந்தி மாதிரி ஒரு மெயில் வந்திருந்தது. இந்த அலுவலகத்தை மூடிவிடலாமா என்று மேலிடம் யோசித்துக்கொண்டிருந்த வருடம் அது.

"பாருங்க சார்" என்றார். "இருவது வருஷத்துல இந்த ஊருல ஒரு சுரங்க விபத்து நடந்திருக்குதா? யாரால?"

"சுரங்கத்தத்தான் மூடிட்டாங்களே சார்" என்றார் சைலஸ்.

"அதுவும் ஒரு காரணம்" என்று ரவிகுமார் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். "ஆனா அத யாரு கவனிக்கறாங்க? இத்தன வருஷம் கழிச்சி ஒரு அசைவு வந்து கீது. மெக்கானிக் வந்து அத ரப்பர்ங்கறாரு. ரப்பருக்கு எங்க ஆபீஸ் எதுக்கு சார்?"

சாம்ராஜின் கருத்து 'வாய்மொழி, சான்றற்றது' என்று பதிவாயிற்று. டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை காலையில் ஐடா வழக்கம்போல ஷேர் ஆட்டோவில் ஒரு காலை வெளியே விட்டுக்கொண்டு போனார். கார் பக்கமாகத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்தப் பாராத முகம்தான் சைலஸைக் கொன்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் குழு வந்தது. ஷாமியானா போட்டிருந்தார்கள். ரவிகுமார் ஒரு மணி நேரம் பேசினார். இறக்கம் எவ்வளவு ஆழ்ந்தது, கண்காணிப்பு எவ்வளவு விழிப்பானது, இன்னும் பதினோரு பேர் இருந்தால் விழிப்பு எப்படி இரட்டிப்பாகும் என்றெல்லாம் சொன்னார். குழுத் தலைவர் நல்ல சரீரம். வெயிலில் வியர்த்துக் கொட்டியது. அவர் கண் திரும்பத் திரும்பக் காரின் பக்கமே போயிற்று. கடைசியில் எழுந்தார். இறக்கத்தை நேரில் உணர்ந்து பார்க்க விரும்புவதாகச் சொல்லி, கயிற்றைத் தாண்டி, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினார்.

"ஏசி போடுங்க" என்றார்.

ரவிகுமார் கதவில் எழுதியிருந்ததைக் காட்டினார். தலைவர் இன்னொரு தடவை சொன்னார். ஏசிக்கு மட்டும், ஐந்து நிமிடத்துக்கு மட்டும் என்று வாய்மொழி அனுமதி பிறந்தது. சைலஸ் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். மணியைப் பார்த்தார். மூன்றரை. பொத்தானை அழுத்தினார்.

சத்தம் எதுவும் வரவில்லை. பிறகு கார் மெல்ல முன்பக்கம் எழுந்தது. அப்புறம் பின்பக்கம் எழுந்தது. தலைவரும் அதோடு எழுந்தார். ஷாமியானாவில் இருந்தவர்கள் எல்லாம் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள். காருக்குள்ளிருந்த பெண்குரல் ஹிந்தியில் வணக்கம் சொன்னது, தலைவர் பதில் வணக்கம் சொன்னார்.

காலை ஷிப்டும் மதிய ஷிப்டும் சேர்ந்து ஓடிவந்து டேப்பு வைத்து அளந்தன. ஐந்து அங்குலமும் திரும்பி வந்திருந்தது. எல்லோரும் ரவிகுமாரைப் பார்த்தார்கள். இனி இந்த மனிதர் என்ன சொல்லப்போகிறார் என்று சைலஸுக்கே கொஞ்சம் பரிதாபமாக இருந்தது. பரிதாபம் தேவையில்லை என்பது அடுத்த விநாடி தெரிந்தது.

"இதுதான் சார் எங்க சாதனை" என்றார் ரவிகுமார். "நிலம் மீண்டுடுச்சி."

"கண்காணிச்சா நிலம் ஏறுமா?" என்று தலைவர் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"இத்தன வருஷம் நாங்க யாரும் வந்து பாக்கல சார், எறங்குச்சி. அஞ்சி நாளு பாத்தோம், ஏறிடுச்சி."

தலைவர் கை தட்டினார். குழு கை தட்டியது. அங்கேயே கோப்பு முடிக்கப்பட்டது. பதினோரு பேரும் மீண்ட நிலத்தின் மேல் நின்று தலைவரோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கயிறு அவிழ்ந்தது, கொடிகளைப் பிடுங்கினார்கள். லைனில் நிலம் சம்பந்தமாக இருந்த மற்ற புகார்களையும் சேர்த்து முடித்துவிட்டதாக ரவிகுமார் அறிவித்து, பார்வதம்மா கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். இவ்வளவு சீக்கிரம் அந்த அலுவலகம் ஒரு கடிதம் எழுதியதே கிடையாது. 'மேற்படி பகுதியில் நிலம் ஐந்து அங்குலம் மீண்டுவிட்டபடியால், தங்கள் சுவரிலுள்ள பிளவும் மூடிக்கொண்டதாகக் கருதி, தங்கள் ஒன்பது மனுக்களும் முடித்துவைக்கப்படுகின்றன.' பார்வதம்மா கடிதத்தைப் படித்தார். பிறகு சுவரண்டை போய், பிளவுக்குள் கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வரைக்கும் போயிற்று.

சைலஸ் என்ஜினை நிறுத்தவே இல்லை. பார்வதம்மா பிளவிலிருந்து கையை எடுத்ததும் கிளம்பிவிட்டார். அன்றைக்கு அவர் நாற்பதைத் தாண்டி ஓட்டினார். பள்ளி கேட்டுக்கு வந்தபோது மணி நாலு அஞ்சு. ஐடா மாலையும் பூச்செண்டுமாக ரோட்டில் நின்றிருந்தார். ஷேர் ஆட்டோ ஒன்று நின்றிருந்தது. ஒரு காலை அதற்குள் வைத்துவிட்டிருந்தார். சைலஸ் ஹாரனை அழுத்த, வழியில் நின்ற மூன்று பஸ்கள் ஒதுங்கின.

ஐடா காலை வெளியே எடுத்தார். கதவில் எழுதியிருந்த 'அசைவுப் புள்ளி எண் 1' என்பதைப் படித்துவிட்டு ஏறினார். பின் சீட்டில் மாலையோடு காலை நீட்டி உட்கார்ந்தார். கேட்டில் நின்ற பிள்ளைகள் எல்லாம் கையாட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். சைலஸும் அழுதார், ஆனால் ஓட்டிக்கொண்டே அழுததால் ஒரு கையால்தான் துடைக்க முடிந்தது.

வழியில் எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் எழுந்ததைச் சொன்னபோது ஐடா சிரித்தார். கடிதத்தைச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்பது மனுவில் ஆறு மனு ஐடா எழுதிக்கொடுத்தவை. பாலகாட்டுக்குள் நுழையும்போது சாம்ராஜ் போன் செய்தார். பை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது, நாளைக்கே மாட்டிவிடலாம் என்றார். சைலஸ் கொஞ்சம் யோசித்தார்.

"கடையிலயே இருக்கட்டும் சாம்ராஜ். ஒரு வாரம் போவட்டும்" என்றார்.

லைனுக்கு வந்ததும் தன் வீட்டைத் தாண்டிப் போனார். பார்வதம்மாவின் பிளந்த சுவருக்கு ஓரமாக, ஓரடி தள்ளி, கோணல் இல்லாமல் காரை நிறுத்தினார். பார்வதம்மா கடிதத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். சைலஸ் பொத்தானை அழுத்தி என்ஜினை நிறுத்தினார். காருக்கடியில் எங்கேயோ மெல்லக் காற்று போக ஆரம்பித்தது.

"ஐடா, நீ எறங்கிடு" என்றார்.

"பின்சீட்டுல கால நீட்டி ஒக்காரவெக்கறேன்னு சொன்னது நீங்கதான? எப்ப எறங்கறதுன்னு நான் சொல்றேன். மொதல்ல வண்டி எறங்கட்டும்."

பத்து நிமிடத்தில் ஐடா, மாலை, பூச்செண்டு, ஜெர்மன் கார் எல்லாம் சேர்ந்து ஐந்து அங்குலம் இறங்கின. பார்வதம்மா குனிந்து பம்பரைப் பார்த்தார், நிமிர்ந்து சுவரைப் பார்த்தார், பிறகு சைலஸைப் பார்த்தார். உள்ளே போய் போனை எடுத்துவந்தார்.

"மேல்தள ஆபீஸுங்களா? பாலகாட்டுல இருந்து பார்வதம்மா பேசறேங்க. பூமி மறுபடியும் எறங்கிகினு கீதுங்க. இந்தவாட்டி என் செவுத்தாண்ட. ஓரடிதாங்க, நானே அளந்துட்டேன்."

அவர் போனை வைப்பதற்குள் பங்களா பக்கமிருந்து சங்கு ஊதியது.